பாட்டு ஞாபகம் இருக்கு, பொண்ணு பேரு ஞாபகம் இல்லையா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. சோனாங்குப்பத்தில் பிறந்து, அறுபது வயது வரை கடல் தொழில் பார்த்தவர். சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். பொழுது சாய்ந்தால் “தொழிலுக்கு நேரமாச்சு” என்று கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். பாட்டு கேட்டால் அமைதியாக இருப்பார் என்று யாரோ சொல்ல, என் கணவர் ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் பக்திப் பாட்டுகள் ஏற்றிக் கொடுத்தார். காலையிலிருந்து ஓடும். ஒருநாள் அப்பா அதைத் தூக்கி எறிந்துவிட்டார்.

போன வாரம் மாடியில் துணிக்கொடி கட்டும்போது, கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தவர் இழுத்து இழுத்து ஏலேலோ பாட ஆரம்பித்துவிட்டார். நாலைந்து நிமிஷம், ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்து “நீ யாரும்மா?” என்றார். அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. “பாட்டு ஞாபகம் இருக்கு, பெத்த பொண்ணு பேரு ஞாபகம் இல்லையா? நடிக்கிறாரு” என்கிறார். பாட்டால் இந்த நோய் குணமாகுமா? எந்தப் பாட்டைப் போடுவது? சில நாள் நான் கோபத்தில் கத்திவிட்டு, அப்புறம் அழுகிறேன். எனக்குப் பாடவும் வராது. அவர் பாடும்போது நான் கூடச் சேர்ந்தால் குழம்பிவிடுவாரா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் இருபது வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். மறதி நோய் வந்த வீடுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். பலர் கேட்காமலே உள்ளுக்குள் நொந்துபோவார்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்து வருவதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் நடிக்கவில்லை. அன்று மாடியில் அவர் பாடி முடித்த கையோடு “இப்ப என்ன பாட்டு பாடினீங்க?” என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. பத்து நிமிஷம் கழித்துக் கேட்டிருந்தால் பாடியதே தெரிந்திருக்காது. மகளின் பெயரை எங்கே தொலைத்தாரோ அங்கேதான் அந்தப் பாட்டைப் பற்றிய செய்தியையும் தொலைத்திருக்கிறார். ஆனால் பாட்டு வெறும் செய்தி இல்லை. அது கையிலும் தோளிலும் தொண்டையிலும் ஏறிப்போன பழக்கம். நீங்கள் மீன் ஆயும்போது அரிவாள்மனையில் விரல் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தா வைக்கிறீர்கள்? கை தானாகப் போகிறது. அவருக்கு அந்தப் பாட்டும் அப்படித்தான். கயிறு கைக்கு வந்தது, பாட்டு வாய்க்கு வந்துவிட்டது. பாட்டை வைத்துக்கொண்டு மகளை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அப்படி எடுத்து வைக்கவும் தள்ளி வைக்கவும் அவர் கையில் இப்போது எதுவும் இல்லை.

மூளைக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் பிடிப்பது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும். புதிய செய்திகளைப் பதிய வைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்து, நேற்று வந்தவர் மறந்து, பிறகு பெயர்கள் நழுவுகின்றன. காலம் காலமாகக் கேட்டுப் பழகிய பாட்டு ஒரே இடத்தில் தங்குவதில்லை. கேட்கும் பகுதி, அசைவுகளுக்கான பகுதி, உணர்ச்சிக்கான பகுதி என்று பல இடங்களில் வேர் விட்டிருக்கும். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெகுநாள் பழகிய இசைக்கு மூளை பயன்படுத்தும் சில பகுதிகளை இந்த நோய் மற்ற இடங்களைவிட மெதுவாகவே அரிக்கிறது என்று காட்டினார்கள். பேச்சே நின்றுபோன பெரியவர் ஒரு பல்லவியை முழுசாகப் பாடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயிற்றின் மறுமுனையில் நிற்பது தனக்கு வேண்டிய ஆள் என்று அவர் மனசுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்த மனிதர், அந்நியர் முன்னால் நிற்பதாக நினைக்கும் மனிதர், அப்படி வாய்விட்டுப் பாடி நான் பார்த்ததில்லை. பெயர் போய்விட்டது. உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போகவில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பாட்டால் நோய் குணமாகாது. போன நினைவும் திரும்பாது. யாராவது இசையால் மறதியை மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாட்டால் ஆகக்கூடியது வேறு. இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இசையோடு செலவழிக்கும் நேரம் இந்த நோயாளிகளின் மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறது என்று தெரிகிறது. அந்த நேரத்தில் முகம் மலர்வதையும் பக்கத்தில் இருப்பவரைத் தேடிக் கண்கள் வருவதையும் வீட்டில் நீங்களே பார்க்கலாம். ஒரு நாளில் அரைமணி நேரம் அப்பா உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறார். அதற்காகவே இதைச் செய்யலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

அந்த ஸ்பீக்கர் விஷயத்தில் உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசோடுதான் வாங்கியிருக்கிறார். இதே தப்பை நான் மருத்துவராக இருந்துகொண்டே செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் என்னிடம் வந்த குடும்பங்களுக்கெல்லாம் ஒரே பட்டியலை எழுதிக் கொடுப்பேன். வீணை, புல்லாங்குழல், அமைதியான பக்திப் பாட்டுகள். புதுச்சேரியில் ஒரு பெரியவர், இளம் வயதில் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய் வந்த சொல்தா. அவருடைய மகள் என் பட்டியலை மூன்று மாதம் போட்டுப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் விழா நடக்கும், தெரிந்திருக்கும். அங்கே பேண்டு வாசித்ததைப் பேரன் செல்போனில் எடுத்து வந்து தாத்தாவுக்குக் காட்டியிருக்கிறான். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, செருப்பில்லாத காலால் தரையில் தாளம் போட்டிருக்கிறார். முதுகு அப்படி நேராக நின்று இரண்டு வருடமாயிற்று என்று மகள் சொன்னார். அன்றோடு அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அமைதியான இசை என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருடைய இசை என்பதுதான் கேள்வி. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள் மனசில் மிக ஆழமாகப் பதிகின்றன. உங்கள் அப்பாவுக்கு அந்தக் காலம் 1950-களின் கடைசியிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை. அப்போது குப்பத்தில் என்ன கேட்டது? டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி ஓடியிருக்கும். திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்திருக்கும். முகவீணையும் மத்தளமும் கேட்டு வளர்ந்த காது அது. அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வரும்போது மேளம். எல்லாவற்றுக்கும் மேலே, வலை இழுக்கையிலும் துடுப்புப் போடுகையிலும் பாடிய அம்பா.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? முதலில் அம்மாவிடம். கல்யாணமான புதிதில் அவர் எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வலை பின்னுவார் என்று கேளுங்கள். அம்மாவின் கோபம் பாதி அந்தப் பேச்சிலேயே இறங்கிவிடும். அப்புறம் அப்பாவோடு ஒரே போட்டில் போனவர்கள் இரண்டு பேராவது சோனாங்குப்பத்தில் இருப்பார்கள். அவர்கள் பாடிய அம்பா இணையத்தில் எங்கே தேடினாலும் அப்படியே கிடைக்காது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், டீ வாங்கிக் கொடுத்து, பாடச் சொல்லி உங்கள் செல்போனில் பதிந்து வாருங்கள். முடிந்தால் ஆளையே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரை எடுத்து எறிந்த கை, கூட்டாளியின் குரலைக் கேட்டதும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பாட்டுப் போடுவதற்கு முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள். வருடக்கணக்கில் போட் என்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். காது மந்தமாகியிருந்தால் ஸ்பீக்கர் சத்தம் அவருக்கு வெறும் இரைச்சல்தான். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படியே. ஸ்பீக்கரை அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வையுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தால் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயப்படுவார். டிவியை அணைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரமும் அறிவிப்பும் வரும் எஃப்.எம். வேண்டாம். பாட்டு மட்டும் இருக்கட்டும். ஒரு நேரத்துக்கு இருபது நிமிஷம், அதிகம் போனால் அரைமணி. காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும் பாட்டு யாருக்கும் ஆறுதல் தராது. நமக்கென்றால் எழுந்து அணைக்கத் தெரியும். எங்கே அணைப்பது என்று தெரியாத மனிதர் எறியத்தான் செய்வார். “வேண்டாம்” என்று சொல்ல அவருக்கு அன்று கிடைத்த வழி அதுதான்.

பாட்டு ஓடும்போது செல்போனைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். விரல் தட்டுகிறதா, உதடு அசைகிறதா, புருவம் நெளிகிறதா என்று கவனியுங்கள். நெளிந்தால் நிறுத்திவிட்டு வேறு பாட்டு. ஒரே பாட்டு பிடித்துப்போய் அதையே பத்து தடவை கேட்டாலும் போடுங்கள். நமக்குத்தான் அது பத்தாவது தடவை. “இது யார் பாடினது சொல்லுங்கப்பா”, “எந்தப் படம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசையாகத்தான் கேட்கிறோம். ஆனால் அவருக்கு அது பரீட்சை, அதில் ஒவ்வொரு தடவையும் தோற்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நீங்கள் சுனாமியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 கடலூர்க் கரையில் என்ன செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியோடு சேர்ந்து பாடிய பாட்டுகள் அவருக்குள் இருக்கும். பாட்டு சந்தோஷத்தை எழுப்புகிற அதே வேகத்தில் துக்கத்தையும் எழுப்பும். எதற்காக அழுகிறோம் என்று சொல்லத் தெரியாமல் அழுகிற துக்கம் மிகக் கொடுமையானது. அதனால் கடல் அலை ஓசை என்று போன்களில் வருகிறதே, அதை இவருக்குப் போட வேண்டாம். சாவு வீட்டு மேளமும் ஒப்பாரியும் வேண்டாம். புதுப் பாட்டு எதுவானாலும் முதல் தடவை பக்கத்திலேயே இருங்கள். கண்ணில் நீர் வந்தவுடனே பதறி நிறுத்தவும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டால் சில அழுகை இரண்டு நிமிஷத்தில் இளகி, முகம் லேசாகிவிடும். மூச்சு வாங்கி, யாரையோ தேட ஆரம்பித்தால் பாட்டை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு, அவரை வேறு அறைக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பாட்டை மறுபடி எடுக்காதீர்கள்.

இனி அந்தச் சாயங்காலம். பொழுது சாயும்போது இந்த நோயாளிகள் பலருக்குத் தவிப்பு கூடும். நாள் முழுக்க உழைத்த மூளை சோர்ந்துபோகிறது, வெளிச்சம் குறைந்து நிழல்கள் நீளுகின்றன, உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் இந்த நோயில் பிசகிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு அந்தத் தவிப்பு “தொழிலுக்கு நேரமாச்சு” என்று வாய்க்கு வருகிறது. இத்தனை வருடம் பொறுப்பாகக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதருக்கு வேறு எப்படி வரும்? “உங்களுக்கு வயசாயிடுச்சு, தொழிலை விட்டு எவ்வளவு நாளாச்சு” என்று சொல்லாதீர்கள். நமக்கு அது பழைய செய்தி. அவர் அதை இன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறார். நாளைக்குச் சொன்னாலும் முதல் தடவைதான்.

அவர் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். ஐந்தரைக்குக் கதவைத் திறக்கிறார் என்றால் நாலரைக்கே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். டீ கொடுங்கள். பாட்டைப் போட்டு, கையில் வேலை கொடுங்கள். மாடியில் பாட்டை எழுப்பியது அந்தக் கயிறுதான். அதனால் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்துக்கு, தடிமனான கயிறு வாங்கி வையுங்கள். ஒரு முனை அவரிடம், ஒரு முனை உங்களிடம். பழைய வலைத்துண்டு கிடைத்தால் மடியில் போட்டு, சிக்கெடுக்கக் கொடுங்கள். வலை ஊசியை மட்டும் யாராவது பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். “இன்னிக்குக் காத்து எப்படிப்பா இருக்கு?” என்று கேளுங்கள். இதற்குத் தப்பான பதில் என்று ஒன்று இல்லை. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆவேசம் உச்சிக்குப் போன பிறகு பாட்டு எடுபடாது. அப்போது எதிரே நின்று தடுக்காமல் அவரோடு தெருக்கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கதவில் ஒரு மணி கட்டிவிடுங்கள். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். டீக்கடைக்காரரிடமும் கரையில் உட்காரும் பையன்களிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிக்க வைப்பது கஷ்டம் என்று நீங்கள் எழுதவில்லை. இனி வரலாம். தினமும் குளிக்கும்போது ஒரே பாட்டைப் பாடிப் பழக்கினால், கொஞ்ச நாளில் அந்தப் பாட்டே “குளிக்கப் போறோம்” என்று அவருக்குச் சொல்லிவிடும். நோய் முற்றி வார்த்தை எல்லாம் போன பிறகும் தாளம் மிஞ்சும். முத்தியால்பேட்டையில் தறி நெய்த ஒரு பாட்டிக்குக் கடைசி மாதங்களில் பேரன் கட்டில் சட்டத்தில் தறி ஓடுகிற மாதிரி தட்டுவான். பாட்டியின் வலது கை போர்வைக்கு மேலே நாடா எறிகிற மாதிரி லேசாக அசையும். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று மிகவும் குழம்பினாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி கத்தினாலோ அதைப் பாட்டால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் எங்கோ வலி, புது மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடலூரிலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் கோரிமேட்டில் ஜிப்மர்.

உங்கள் கோபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொல்கிற எவருக்கும் கோபம் வரும். கத்திவிட்டீர்கள் என்றால் கொஞ்ச நேரத்தில் அவர் அதை மறந்திருப்பார், ஆனால் பயம் மட்டும் உடம்பில் இருக்கும். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக் கொடுங்கள். அது போதும். உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை ஒருவர் மட்டும் தூக்க முடியாது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் உங்கள் கணவரோ, அண்ணன் தம்பி யாராவதோ அப்பாவிடம் இருக்கட்டும். நீங்கள் வெளியே போய்வாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், காசு கிடையாது. முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567.

கடைசியாக, உங்களுக்குப் பாட வராது என்று எழுதியிருந்தீர்கள். அம்பா எப்படிப் பாடுவார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒருத்தர் வரி எடுப்பார். மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து “ஏலேலோ” என்றோ “ஐலசா” என்றோ பதில் போட்டு இழுப்பார்கள். பதில் வராமல் அந்தப் பாட்டு நகராது, வலையும் நகராது. அன்று மாடியில் அவர் மூச்சுப் பிடித்து ஒவ்வொரு வரியையும் முடித்துவிட்டு ஒரு நொடி நின்றிருப்பார், யோசித்துப் பாருங்கள். அது உங்களுக்கான இடம். நாளைக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுமுனையை நீங்களும் அம்மாவும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வரி எடுக்கட்டும். சுருதி சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நீங்கள் இரண்டு பேரும் பதில் போடுங்கள்.